யன்னலில் இருந்த இங்கிலாந்து நாய்கள்

தமிழைச் சனிக்கிழமை வகுப்பில் மட்டும் படித்தவள் நான். டெனிஷ் பள்ளிக்கூடத்தையும் பத்தாம் வகுப்போடு விட்டுவிட்டேன். இப்படிப்பட்டவள் எழுத வந்ததை, எழுதத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சித்தி டென்மார்க்கில் எங்களோடு இருந்தார். மீன் தொழிற்சாலையில் வேலை. சித்தப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். விசா வருவதாக இல்லை. அதனால் மன்னாரிலிருந்து கொண்டுவந்த புனித அந்தோனியாரின் சுருவத்தை, அந்தச் சின்னச் சிலையை, சித்தி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். கேட்டதைத் தரும்வரை அவருக்கு அதுதான் தண்டனை. அம்மா எவ்வளவோ கண்டித்தும் சித்தி மசியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பஸ்ஸைத் தவறவிட்டோம். குளிருக்கு ஒதுங்க, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மியூசியத்துக்குள் நுழைந்தோம். உள்ளே பழைய இங்கிலாந்துப் பீங்கான்கள்: ரோசாப்பூப் போட்ட தட்டுகள், மினுங்கும் கோப்பைகள், தொப்பி வைத்த குண்டு மனிதரின் உருவில் ஒரு சாடி. சித்தி எதற்கும் நிற்கவில்லை. பழைய வீடு மாதிரி அமைத்திருந்த அறையில்தான் நின்றார். யன்னலில் இரண்டு பீங்கான் நாய்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தன. முதுகுக்குச் சாயம்கூடப் பூசியிருக்கவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு சித்தி சிரித்தார்.

"இஞ்சையும் தண்டனைதான். இதுகள் என்னத்தைக் குடுக்காமல் விட்டதுகள் எண்டு அந்த மனுசியிட்டைக் கேள்."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாசலில் சீட்டுக் கொடுத்த மியூசியப் பெண்மணியிடம் போய், நாய்கள் என்ன குற்றம் செய்தன என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு விளக்கினார். கப்பலில் போனவர்கள் இங்கிலாந்தில் வாங்கிவந்த நாய்களாம். கணவன் கடலில் இருக்கும்வரை மனைவி அவற்றை வீதியைப் பார்க்க வைப்பாளாம். அவன் வந்த பிறகுதான் வீட்டுக்குள் திருப்புவாளாம்.

நான் தமிழில் சொல்லி முடித்தபோது சித்தியின் சிரிப்பு நின்றிருந்தது.

"இந்த வீட்டுக்காரன் வந்தவரோ எண்டு கேள்."

பெண்மணி நாய்களைப் பார்த்தார். தனக்குத் தெரியாது என்றார். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் வந்துவிடுவார்கள் என்று சேர்த்துக்கொண்டார். நான் இரண்டையும் மொழிபெயர்த்தேன். சித்தி இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும், குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல், அந்தோனியாரைத் தூக்கி யன்னலில் வெளியே பார்க்க வைத்தார். அங்கிருந்து பஸ் தரிப்பிடம் நன்றாகத் தெரியும்.

"வடிவாப் பாரும்" என்று அவரிடம் சொன்னார்.

அந்தோனியாருக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நான் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சித்தி அவருக்கு வேலைதான் கொடுத்திருக்கிறார் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அடுத்த நாள் பனி கொட்டியது. சித்தி காலை வேலைக்குப் போனார். அந்தோனியார் யன்னலில் தன் வேலையில் இருந்தார்.