கிரீடமில்லாத பழம்

ஜாம் பட்டறையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். காட்டுப்பழக் கூடைகள் வந்து இறங்கும் மேசையில் பழம் பார்த்துப் பிரிக்கும் முதல் ஆள் அவள், இரண்டாவது நான். பன்னிரண்டு வருடமாக அவள் விரலைத் தாண்டி ஒரு விஷப்பழம் அடுப்புக்குப் போனதில்லை. நல்ல கறுப்புப் பழத்தின் தலையில் சின்னக் கிரீடம் மாதிரி ஒரு விளிம்பு இருக்கும். அது இல்லாமல் வழவழவென்று மின்னினால் விஷம். இனிக்கவும் செய்யும், அதுதான் கொடுமை.

பட்டறையில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. கூடையில் சந்தேகம் என்றால், பறித்தவர் எல்லார் முன்னாலும் ஒரு கை அள்ளித் தின்று காட்டவேண்டும். தின்றுவிட்டால் கூடை உள்ளே போகும். மடியில் கனமிருப்பவன் தின்னமாட்டான் என்பது முதலாளியின் கணக்கு. இளங்கன்று பயமறியாது என்பது அந்த மண்டைக்கு ஏறவில்லை. எங்களுக்கு மட்டும் ஏறியதா என்ன? கைகட்டி வேடிக்கைதானே பார்த்தோம்.

அன்று சந்தேகக் கூடையோடு வந்தவள் பூதக்கண்ணாடியின் நாத்தனார். பழம் பறிக்கக் கிளம்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

“இது ஆகாது. கொட்டிடு.”

“வீட்லதான் எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்றீங்க. இங்கயுமா அண்ணி?”

“அடியே, இதுல கிரீடம் இல்லடி. விஷம்!”

“விஷமா? இப்பப் பாருங்க.” ஒரு கை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

பூதக்கண்ணாடி பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். பாதிதான் சிதறியது. மீதியை நாத்தனார் மென்று விழுங்கி, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். “கூடையை உள்ள எடுங்க” என்றார் முதலாளி. பூதக்கண்ணாடி கூடையைத் தரையில் கவிழ்த்து மிதித்துவிட்டு, நாத்தனாரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். போகும் வழியெல்லாம் நாத்தனார் வரமாட்டேன் என்று சண்டை. சாயங்காலம் நாக்கு வறண்டு, கண்மணி விரிந்து, இல்லாத ஆட்களோடு பேசினாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

“நாலு பேர் முன்னாடி ரோஷத்தைக் கிளப்பி விட்டியே! நீ வாயை மூடிட்டு இருந்திருந்தா என் பொண்ணு தின்னிருப்பாளா?” என்று மாமியார் கத்தினாள். பெற்ற வயிறு, கத்தட்டும். கூட நின்ற பூதக்கண்ணாடியின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டான் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கூடை அடுப்புக்குப் போயிருந்தால் அந்த ஜாமை எத்தனை வீட்டுப் பிள்ளைகள் நக்கியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்றும் அதே மேசைதான். சந்தேகப்பட்டால் பூதக்கண்ணாடி வாய் திறப்பதில்லை. ஆள் போனபிறகு பொறுக்கியெடுத்துச் சாக்கடையில் கொட்டுகிறாள்.

வீட்டில் சமையலும் அவள்தான். பரிமாறியபிறகு மாமியார் தட்டைத் தொடுவதில்லையாம். “முதல்ல நீ ஒரு வாய் தின்னு காட்டு” என்கிறாளாம்.

மூன்று வேளையும் தின்று காட்டுகிறாள்.