ஆவியக்கா பணம் போட்ட கதை

அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நீராவி இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் பத்தொன்பது வருடம் நின்றதில் ஒட்டிக்கொண்ட பெயர். வார்டு நடையில் யாராவது "ஆவியக்கா வந்துட்டாங்களா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டால், கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிகள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்கள். முதல் இரண்டு வருடம் அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகள் அவள் பொறுப்பு. ஒரு நாளைக்கு நூற்றைம்பதுக்குக் குறையாது. கோட்டை விரித்து, மூடியை இறக்கி, காலால் மிதியை அழுத்தினால் புஸ்ஸென்று ஆவி முகத்தில் அடிக்கும். வலது முன்கையில் ஐந்தாறு சூட்டுத் தழும்புகள். வேலை முடிகிற இரண்டு மணிக்கு, காலையில் போட்டுக்கொண்டு வந்த செருப்புக்குள் பாதம் நுழையாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாளை அவள் நல்ல நாள் என்று கணக்கில் வைத்துக்கொள்வாள்.

அவள் புருஷன் ஒரு காலத்தில் லிஃப்ட் மெக்கானிக். ஒருமுறை தவறி விழுந்ததில் முதுகு போனது. கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டை அப்படியே கொண்டுபோய் மரம் வளர்க்கும் திட்டம் ஒன்றில் போட்டார். பத்து வருடத்தில் எட்டு மடங்கு என்று சொன்னார்கள். தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ் வந்தது. அதில் அவர்களுடைய மரத்துக்கு ஒரு நம்பர்கூட இருந்தது. கொஞ்ச காலம் இருவரும் மழை பெய்தால் "நம்ம மரத்துக்கு நல்லது" என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் வருடம் அந்த ஆபீஸில் செல்போன் கடை வந்திருந்தது. மரம் எங்கே இருந்தது, இருந்ததா என்பதே கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு வாகன நிறுத்தத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். வீட்டில் பணப் பேச்சு எழுந்தால் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார்.

இப்படி இருக்கையில், இரண்டு வருடமாக இழுத்தடித்த கூடுதல் நேரச் சம்பளத்தை ஆஸ்பத்திரி ஒருவழியாகக் கொடுத்தது. ஆவியக்காவுக்கு வந்தது ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம். பெரிய தொகை இல்லை. ஆனால் வந்த உடனே போக வேண்டிய இடம் என்று எதுவும் இல்லாத பணத்தை அவள் வெகு காலத்துக்குப் பிறகு பார்த்தாள்.

கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிறவள் ஒருத்தி அதே அறையில் இருந்தாள். வாய் ஓயாதவள், ஆவியக்காவைவிடப் பத்து வயது சின்னவள். ஊசி என்று பெயர்.

"அக்கா, பணத்த என்ன பண்ணப் போறீங்க?"

"இன்னும் யோசிக்கல."

"யோசிக்காதீங்க. எங்க தெருவுல ஒருத்தர் பணம் வாங்கி எதுலயோ போடுறாரு. நூறு குடுத்தா மாசம் பத்து. மாசம் பொறந்தா கையில வச்சிடறாரு. நான் போட்டாச்சு. எங்க அக்காவையும் சேரச் சொல்லிட்டிருக்கேன்."

"அவரு அந்தப் பத்த எங்கேருந்து எடுத்துக் குடுக்கறாரு?"

ஊசிக்கு இந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது. "ஏதோ வியாபாரம்க்கா. நமக்கு எதுக்கு அது? வருதா இல்லையா, அதான பாக்கணும்?"

ஆவியக்கா அடுத்த கோட்டை விரித்தாள். மரம் காணாமல் போன வருடத்தில் புருஷன் தினமும் அந்த ஆபீஸுக்கு போன் போட்டது ஞாபகம் வந்தது. மணி அடித்துக்கொண்டே இருக்கும், அவர் காதிலிருந்து எடுக்கவே மாட்டார்.

"எனக்கு வேணாம்டி," என்றாள். "போட்டுட்டு தெனம் அதையே நெனச்சிட்டு இருக்கணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல."

"பயந்தே செத்துடுவீங்க நீங்க."

"சாகறதுக்கும் லீவு போடணுமே," என்று சொல்லிவிட்டு ஆவியக்கா மிதியை அழுத்தினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு வங்கி இருந்தது. மூன்றரை மணிக்குப் பூட்டிவிடுவார்கள். முதல் நாள் அவள் போனபோது அடையாள அட்டையின் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாள் நகலோடு போனாள். கவுன்ட்டருக்குப் போவதற்குள் டை கட்டிய ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து தன் மேசைக்கு அழைத்துப்போனார். தண்ணீர் கொடுத்தார். பளபளப்பான காகிதத்தில் ஒரு திட்டத்தைக் காட்டினார். காப்பீடும் உண்டு, லாபமும் உண்டு, வருடா வருடம் கட்டினால் போதும்.

"நடுவுல எனக்கு வேணும்னா எடுத்துக்கலாமா?"

"அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் தாராளமா எடுக்கலாம்மா."

"அதுக்கு முன்னாடி?"

"கொஞ்சம் பிடிச்சுக்குவாங்க."

"போட்டது கொறையுமா?"

அவர் காகிதத்தைத் திருப்பி வேறொரு படத்தைக் காட்டினார். படம் மேலே மேலே ஏறிக்கொண்டு போனது. ஆவியக்கா அந்தக் காகிதத்தின் தங்க நிற ஓரத்தைப் பார்த்தாள். வேறு ஒரு நாளாக இருந்தால், தண்ணீர் கொடுத்த மனிதரிடம் எப்படி மறுப்பது என்று தயங்கியிருப்பாள். அன்றைக்குக் கால் அப்படி வலித்தது. "வேணாம் தம்பி," என்று எழுந்துவிட்டாள்.

கவுன்ட்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். அவளும் களைத்துத்தான் இருந்தாள். தலையை நிமிர்த்தாமல் "சொல்லுங்க" என்றாள்.

"போட்ட பணம் கொறையக் கூடாது. அவசரம்னா எடுக்க முடியணும். அவ்வளவுதான்."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "அப்படின்னா வைப்புக் கணக்குதான். வட்டி கொஞ்சமாத்தான் வரும், இப்பவே சொல்லிடறேன். நடுவுல எடுத்தா வட்டி கொறையும், போட்டது கொறையாது. எங்க வங்கியே மூடிட்டாலும் நீங்க போடற அளவுக்கு அரசாங்கக் காப்பீடு இருக்கு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினாள். ஆவியக்கா அதை இரண்டு முறை பார்த்தாள். ஒரு வருட வட்டி, அவளுடைய மூன்று நாள் சம்பளத்தைத் தொடவில்லை.

"எல்லாத்தையும் பூட்டி வச்சிடாதீங்க," என்றாள் அந்தப் பெண். "பாதிய சாதாரணக் கணக்குலயே விடுங்க. திடீர்னு ஒரு செலவு வந்தா இதைத் தொட வேண்டியிருக்காது. மாசா மாசம் ஏதாவது போட முடியுமா?"

"ரெண்டு நாள் சம்பளம் போடலாம். கஷ்டப்பட்டா."

"கஷ்டப்பட வேணாம். ஒரு நாள் சம்பளம் போடுங்க. நிறுத்தாம போடுங்க."

ஆவியக்கா புருஷன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். கூட்டுக் கணக்கு என்றால் அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் வருவாரா என்று ஆவியக்காவுக்குச் சந்தேகம். சொன்னதும் வழக்கம்போல வாசல் பக்கம் போனார். மறுநாள் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வங்கி வாசலில் அவளுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பின்புறம் இருந்த பொடி எழுத்தையும் விடவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கவுன்ட்டர் பெண் பொறுமையாக இருந்தாள்.

"இதுல மரம் எதுவும் இல்லையே?" என்று கேட்டார்.

"என்ன சார்?"

"ஒண்ணும் இல்லம்மா." பேனாவை வாங்கினார். பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு நிறுத்தினார். ஆவியக்கா பக்கத்தில் நின்றாள். பிறகு ஒரே மூச்சில் முழுப் பெயரையும் எழுதி முடித்தார். வெளியே வந்ததும், "நான் அன்னைக்கு உன்னையும் கேட்டிருக்கணும்," என்றார். எட்டு வருடத்தில் அந்த விஷயத்தைப் பற்றி அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது. "பஸ் வருது, ஏறுங்க," என்றாள் அவள்.

ஐந்து மாதம் ஊசிக்குச் சொன்னபடியே பணம் வந்தது. புதுக் கைப்பேசி வாங்கினாள். பழகினவர்களில் இரண்டு பேரையும் கடைசியாகத் தன் அக்காவையும் சேர்த்துவிட்டாள், அதற்குத் தனியாக ஒரு தொகை. ஆவியக்காவுக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் கோட்டை மடித்துக்கொண்டே, நாம்தான் ஏமாளியோ என்றுகூட நினைத்தாள். அந்த மாதமும் ஒரு நாள் சம்பளத்தை எடுத்துப்போய்க் கட்டினாள். நினைப்பை மாற்றிக்கொள்ளவும் ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

ஆறாம் மாதம் பணம் வரவில்லை. ஏழாம் மாதம் ஆள் இல்லை. ஊசி போட்டதில் பெரும்பகுதி, ஆள் பிடித்துக் கொடுத்த தொகையும் சேர்த்து, அவளுக்குத் திரும்ப வந்திருந்தது. கடைசியாகச் சேர்ந்த அவள் அக்காவுக்குத்தான் எல்லாம் போனது. தையல் மிஷின் இரண்டு நாள் ஓடவில்லை. மூன்றாம் நாள் ஊசி வந்து, ஆவி படிந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க அக்கா கதவையே தெறக்க மாட்டேங்கறா. நீங்க தப்பிச்சிட்டீங்க."

ஆவியக்காவுக்குச் சந்தோஷம் எதுவும் வரவில்லை. "உன் கையில திரும்பி வந்ததுல அவளுக்குக் கொஞ்சம் குடு," என்றாள்.

ஊசி எழுந்து தையல் மிஷினுக்குப் போனாள். கொடுத்தாளா என்று ஆவியக்கா பிறகு கேட்கவும் இல்லை.

வருடம் முடிந்து வைப்பு முதிர்ந்த அன்று அவளும் புருஷனும் வங்கிக்குப் போனார்கள். நடுவில் அவருடைய முதுகுக்கு ஒரு ஊசி, அவளுக்கு ஒரு பல் என்று இரண்டு செலவு வந்தது. சாதாரணக் கணக்கில் இருந்த பாதியில் கை வைத்தார்கள். பூட்டியது பூட்டியபடி இருந்தது. துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிய கணக்குப்படி பாதிப் பணத்துக்குப் பாதி வட்டி, ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார் புருஷன்.

"இவ்வளவுதான் சார்," என்றாள் கவுன்ட்டர் பெண். "எடுத்துக்கறீங்களா, மறுபடியும் போட்டுடவா?"

அவர் ஆவியக்காவைப் பார்த்தார். "இத வச்சு என்ன பண்ணலாம்?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்து வைத்திருந்தாள். தரை சில்லென்று இருந்தது.

"ஒண்ணும் பண்ண வேணாம்," என்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."