எரியாத விளக்கின் கணக்கு

பேசிக்கொண்டே எழுந்தார், பேசிக்கொண்டே கதவுவரை வந்தார், பேச்சை நிறுத்தாமலே வலது கையைச் சுவர்ப்பக்கம் நீட்டி விளக்கை அணைத்துவிட்டார். அறைக்குள் இன்னும் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“அம்மா, நாங்க இங்கதான் இருக்கோம்” என்று தலைமையாசிரியையின் குரல் வந்தது.

“தெரியும் டீச்சர். கொஞ்சம் ஜன்னல் பக்கமா நகந்து உக்காருங்க. சூரியன் சும்மாதானே வருது, அவனென்ன பில்லா போடறான்?”

பள்ளிக் காவலாளிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அமாவாசை அம்மா. கேட்டுக்கு வெளியே அவருடைய பழைய ஸ்கூட்டர் திரும்பும்போதே, “அமாவாசை வந்துடுச்சுப்பா” என்று உள்ளே தகவல் பறந்துவிடும். அது அவருக்கும் தெரியும். “நல்ல பேருதான். ஆனா அமாவாசை மாசத்துக்கு ஒரு தடவைதான் வரும், நான் வாராவாரம் வருவேன்னு சொல்லி வைங்க” என்பார்.

அவருடைய கணவர் பல் மருத்துவர். நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்து கிடந்த நேரத்தில், வீட்டுச் சாவி வாங்க வந்த மனைவி, வாங்கிக்கொண்டு போகிற போக்கில் விளக்கை அணைத்துவிட்டுப் போனதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். “நல்லவேளை, பல்லுல கை வைக்கல. எங்க வீட்டுல ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சுட்டு யோசிக்கக் கூடாது சார். என்ன வேணும்னு வெளிய நின்னு யோசிச்சு முடிச்சுட்டுத்தான் திறக்கணும்.” அம்மா அதை மறுப்பதில்லை. பக்கத்தில் நின்று, ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

பள்ளி வாரியத்தின் கணக்கு அதிகாரி முதன்முதலில் அவரைப் பார்த்தபோது, ஏதோ விற்க வந்தவர் என்றுதான் நினைத்தார். வாரியத்தின் கீழ் ஏழு பள்ளிகள். ஏழிலும் கூரை கொதிக்கும், மின்விசிறி முனகும், மின் கட்டணம் மட்டும் தவறாமல் ஏறும். மாற்றுவதற்குப் பணம் கேட்டால் வாரியம் கையை விரிக்கும். “காசே இல்லம்மா” என்று அதிகாரியும் விரித்தார்.

“காசில்லாதவங்ககிட்டதான் சார் நான் வருவேன். நீங்க ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திட்டே இருக்கீங்க. பானையை அடைக்கக் காசில்லைங்கறீங்க. அந்த ஒழுகுற தண்ணியையே வித்து பானையை அடைச்சுத் தரதுதான் என் வேலை.”

விஷயம் அவ்வளவுதான். வங்கியில் கடன் ஏற்பாடு செய்வார். அந்தப் பணத்தில் விளக்கு, விசிறி, மோட்டார், கூரை எல்லாம் மாறும். மாதாமாதம் கரண்ட் பில்லில் மிச்சமாவதைக் கொண்டே கடன் அடையும். சொன்ன அளவு மிச்சமாகவில்லை என்றால், குறைவதை அவருடைய நிறுவனம் தன் கையிலிருந்து தரும். அப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கேட்கும்போதே அதிகாரி தன் பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். அதில் அவரும் அல்லவா கையெழுத்துப் போட வேண்டும்?

முதலில் ஒரு பள்ளியில் செய்து பார்ப்பது, சரியாக வந்தால் மற்ற ஆறுக்கும் போவது என்று முடிவாயிற்று. விடுமுறை நாளாகப் பார்த்து, யாருமில்லாத பள்ளிக்கு அதிகாரியையும் அழைத்துக்கொண்டு போனார் அம்மா. நேரே மீட்டர் பெட்டியின் முன்னால் போய் நின்றார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா? வீட்டுல ஒருத்தரும் இல்ல. ஆனா அடுக்களையில பாத்திரம் உருள்ற சத்தம் கேக்குது. யாரு சாப்பிடறான்னு போய்ப் பாப்போம் வாங்க.”

அன்று பகல் முழுக்க அவர் பின்னால் நடந்த அதிகாரி அதற்குப் பிறகு அவரை விற்பனைக்காரி என்று நினைக்கவில்லை. அம்மா பேனா முனையில் ஒரு முழம் நூலைச் சுற்றி வைத்திருந்தார். குளிர்சாதன அறையின் கதவோரம் அதைத் தொங்கவிட்டு, நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் பள்ளிப் பூனை சுருண்டு படுத்திருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “கதகதப்பா இருந்தாத்தான் பூனை இப்படிப் படுக்கும். அங்க என்னமோ சூடாகுது” என்று பூனையை நகர்த்திவிட்டு அங்கே சாத்தியிருந்த பலகையைத் தள்ளினார். ஆண்டுக்கணக்கில் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய குளிர்பெட்டி, உள்ளே ஒன்றுமில்லாமல், மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, வழிந்த தண்ணீர் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொல்ல வேண்டிய மிதவை எப்போதோ ஒடிந்துபோயிருந்தது. இத்தனை வருடம் அந்தப் பில்லுக்கெல்லாம் ஒப்புதல் முத்திரை குத்தியவர் அதிகாரிதான்.

வேலை நடந்தது. கூரையில் வெள்ளைப் பூச்சு வந்தது. விளக்கு, விசிறி, மோட்டார், உள்ளே ஓடும் வயர் எல்லாம் புதிது. பிள்ளைகள் குதித்தார்கள். தலைமையாசிரியை அம்மாவுக்குச் சால்வையே போர்த்திவிட்டார். அதிகாரி முதல் பில்லுக்காகக் காத்திருந்தார்.

முதல் மாதம் பில் சொன்னபடி குறையவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதம் பழைய பில்லைத் தாண்டியே போய்விட்டது.

வாரியத் தலைவர் லாரி வைத்துத் தொழில் செய்து முன்னுக்கு வந்தவர். கோபம் வந்தால் மேஜையைத் தட்டமாட்டார், குரலைத் தாழ்த்துவார். “பானையை அடைக்கறேன்னு சொல்லி அடியைப் பேத்துட்டாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். மற்ற ஆறு பள்ளிகளின் திட்டத்தையும் கைவிடும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். அந்த ஆறில் ஒன்றில், மதியத்துக்கு மேல் மாடி வகுப்புகளில் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள் என்று மாடியையே மூடப்போவதாகப் பேச்சு இருந்தது. அதிகாரிக்கு அது உறுத்தியது. தன் வேலை போய்விடுமோ என்பதும் உறுத்தியது. எது அதிகம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது.

அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினார். அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. “நாளைக்கு வகுப்பு நடக்கும்போது போவோம் சார். நான் ஆளில்லாதப்பதான் பாத்திருக்கேன். அதுல ஏதோ விட்டிருக்கேன்” என்றார்.

போனார்கள். மீட்டர், மோட்டார், கூரை எல்லாம் சரியாகவே இருந்தன. கணக்கு டீச்சரின் வகுப்புக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றுவிட்டார். பக்கத்துக் கட்டடத்தின் சுவர் வெளிச்சத்தை மறைக்கும் அறை அது. டீச்சர் நடுவில் மேஜை போட்டு உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். தரையில், ஜன்னலோரமாக, மேஜைக் கால்கள் பல வருடம் நின்ற நான்கு தடங்கள்.

“மேஜை முன்னாடி அங்கதானே இருந்துச்சு டீச்சர்?”

“ஆமாம்மா. நடுவுல லைட்டே எரியாதே. ஜன்னலை ஒட்டிப் போட்டுப்பேன். கடைசி ரெண்டு பெஞ்சுக்குப் போர்டு தெரியாது, அதுங்களையும் முன்னாடி நெருக்கி உக்கார வச்சுடுவேன்.”

“எத்தனை நாளா எரியல?”

டீச்சர் சிரித்தார். “நான் இங்க வேலைக்கு வந்ததிலேர்ந்து. எழுதிப் போட்டோம், யாரும் வரல. அப்புறம் பழகிப்போச்சு.”

அம்மா பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்து அதிகாரி பார்த்ததே அரிது. பிறகு ஒவ்வொரு அறையாகப் போய்க் கேட்டார். முன்பெல்லாம் பாதி விளக்கு எரியவில்லை, விசிறியில் பாதி சுற்றவில்லை. போட்டால் ஃபியூஸ் போகும் என்று கணினி அறையைப் பூட்டியே வைத்திருந்தார்கள். இப்போது எல்லாம் ஓடுகிறது. பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

“தப்பு என்னோடது சார்” என்றார் அம்மா. “பழைய பில்லை வச்சுக் கணக்குப் போட்டேன். எரிஞ்ச லைட்டைத்தான் எண்ணினேன், எரியாததை எண்ணல. பட்டினி கிடந்தவனோட சாப்பாட்டுச் செலவைப் பாத்துட்டு, இதைவிடக் கம்மியா ஆக்கறேன்னு சவால் விட்டிருக்கேன்.”

ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. பயன்பாடு கூடினால் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அவருடைய நிறுவனத்திலிருந்தே போன் போட்டு, அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளச் சொன்னார்களாம். அதிகாரியும் அதையேதான் சொன்னார். “அது வக்கீலுக்குச் சரி” என்றார் அம்மா. “தலைவர் அதைப் படிச்சுட்டு ஏமாத்திட்டாங்கன்னுதான் நினைப்பார். ஆறு பள்ளிக்கூடமும் போயிடும். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் சொன்ன சொல்லுப்படி குறையறதை நாங்க கட்டிடறோம். கூட்டத்தை மட்டும் அந்தக் கணக்கு டீச்சர் கிளாஸ்ல வச்சுக் குடுங்க. மத்தியானமா.”

முப்பது வருட உத்தியோகத்தில் தப்பைத் தள்ளிவிட இடம் தேடியவர்களைத்தான் அதிகாரி பார்த்திருக்கிறார். இடம் கையிலேயே இருந்தும் வேண்டாம் என்ற ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார்.

வாரியத்தார் முனகிக்கொண்டே வந்து பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். தலைவரின் உடம்பு கடைசி பெஞ்சில்தான் கொண்டது. அம்மா எழுந்து சுவிட்சுப் பலகைக்குப் போய் வரிசையாக அணைத்தார். ஓரத்தில் ஒரு விளக்கு, ஒரு விசிறி மட்டும் மிஞ்சியது.

“இதுதாங்க உங்க பழைய பில்லு” என்றார். “கொஞ்ச நேரம் இதுக்குள்ள உக்காருங்க. தலைவரே, அந்தத் தீர்மானத்தை நீங்களே படிங்க.”

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை முகத்துக்கு நேரே பிடித்தார். தள்ளிப் பிடித்தார். சட்டைக் காலருக்குள் வேர்வை இறங்கியது. ஒருவர் கைக்குட்டையை எடுத்து விசிறிக்கொண்டார். தலைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பெஞ்சிலிருந்து கஷ்டப்பட்டு உடம்பை உருவிக்கொண்டு, தாளோடு ஜன்னல் பக்கம் நடந்தார்.

“அங்கதான் கணக்கு டீச்சரும் போனாங்க” என்றார் அம்மா. குரலில் குத்தல் இல்லை. “பத்து வருசம் அங்கேயே நின்னாங்க. பில்லு கம்மியாத்தான் இருந்துச்சு. தப்பு என்னோடது, அந்த இருட்டை நான் எண்ணாம விட்டுட்டேன். மத்த ஆறுலயும் மொதல்ல அதை எண்ணிட்டுத்தான் உங்ககிட்ட வருவேன். மிச்சம் நான் ஆசையாச் சொன்னதைவிடக் கம்மியாத்தான் வரும். கடன் அடைய நாளாகும். ஆனா அடையும்.”

தலைவர் தரையில் பதிந்திருந்த நான்கு தடங்களின் மேல் நின்று, குனிந்து அவற்றைப் பார்த்தார். பிறகு, “நான் லாரி ஓட்டின காலத்துல ஹெட்லைட் இல்லாம ஓட்டியிருக்கேன். அதுலயும் மிச்சம் புடிச்சதாத்தான் நினைச்சேன்” என்றார். தீர்மானத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “ஆறையும் எண்ணிட்டு வாங்கம்மா.”

எல்லோரும் காற்றுக்காக வராந்தாவுக்கு ஓடினார்கள். அதிகாரியும் அம்மாவும் கடைசியாக வெளியே வந்தார்கள். வழக்கம்போல அம்மாவின் வலது கை சுவரைத் தேடிப்போய், மிஞ்சியிருந்த அந்த ஒற்றை விளக்கையும் அணைத்தது.

அப்போது கணக்கு டீச்சர் கை நிறைய நோட்டுகளோடு உள்ளே போனார். அறை இருட்டாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நோட்டுகளை மேஜையில் வைத்துவிட்டு, மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஜன்னலை நோக்கி இழுக்கத் தொடங்கினார்.

வராந்தாவில் பாதி தூரம் போயிருந்த அம்மா அந்தக் கிறீச்சிடும் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி ஓடினார். மேஜையின் மறுபக்கத்தைப் பிடித்து, பேசாமல், அறையின் நடுவுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு சுவிட்சுப் பலகையின் முன்னால் போய் நின்று, ஒவ்வொன்றாக, ஒன்று விடாமல், எல்லா விளக்கையும் போட்டார்.