பெங்களூர் பஸ் ஏறிய அம்மா

“…பெத்த புள்ளைங்களை அம்போன்னு உட்டுட்டு பெங்களூரு பஸ் ஏறினவ! அந்தக் கையில எம் பொண்ணைப் புடிச்சிக் குடுக்கணுமா? போப்பா, வேற வேலை இருந்தா பாரு.”

குந்தாரப்பள்ளிச் சந்தையில், என் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புளி விற்கும் அம்மா ஒருவர் இப்படிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் பெண்ணுக்கு நான் பேசி முடிக்க நினைத்த மாப்பிள்ளை, கடைக்கு எதிரே மெஷின் போட்டிருந்த தையல்காரன். எங்கள் சந்தை நாடகத்தில் அம்மா வேஷம் கட்டியதுதான் அவன் செய்த குற்றம்.

இப்போது டிவியில் தினம் ஒரு துண்டாகத் தொடர் ஓடுகிறது. ஐம்பதுகளில் எங்களுக்கு வாரத்துக்கு ஒரு துண்டு. மலைக்குப் போகிறவர்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டுமே என்று, சந்தை கலைகிற நேரத்தில், வெயில் இருக்கும்போதே அரை மணி நேரம் நடிப்போம். அவிழ்த்துவிட்ட மாட்டு வண்டிகள்தான் மேடை. பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த நான்தான் கதை எழுதினேன். அப்பா வேஷமும் நானே. மூன்று பெண் பிள்ளைகளாக வந்தவர்கள் மாட்டுத் தரகர்கள். கடைக்குட்டிக்கு மீசை உண்டு, முந்தானையால் மறைத்துக்கொள்வாள்.

முதல் இரண்டு வாரம் தையல்காரன் அம்மாவாக வந்து சந்தையையே அழவைத்தான். மூன்றாம் வாரம் வரவில்லை. கல்யாண வயதில் சேலை கட்டினால் எவன் பெண் கொடுப்பான் என்று அவன் மாமன் தடுத்துவிட்டார். வண்டி மேல் நிற்கிறேன். பிள்ளைகள் “அம்மா எங்கே?” என்கிறார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: “உங்கம்மா பெங்களூரு பஸ் ஏறி ஓடிப்போயிட்டா!”

“அடிப்பாவி!” என்றது சந்தை. அப்புறம் கதை எனக்காகக் காத்திருக்கவில்லை. எங்கே முட்டிக்கொண்டாலும் அம்மா மேல் போட்டேன். காளை நொண்டியதா, போகும்போது அவள்தான் குளம்பில் ஆணி அடித்தாள். மூத்தவள் கல்யாணம் நின்றதா, அவள் மொட்டைக் கடுதாசி போட்டாள். கிணறு வற்றியதற்கும் அவளே காரணம். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆள் வராமலே அவள் கொடுமை வளர்ந்தது, கூட்டமும் வளர்ந்தது. திட்டுவதில் முன்வரிசை, புளி விற்கும் அந்த அம்மாதான். கோபம் முற்றினால் தெலுங்குக்குப் போய்விடுவார். அதை இங்கே எழுத முடியாது.

அவர் பெண் கொடுக்க மாட்டேன் என்றதைத் தையல்காரனிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

“அந்தப் பொண்ணைப் பாத்ததுல இருந்து மனசு வேற எங்கியும் போவலண்ணா. கட்டினா அவளைத்தான். உன் கதையில அம்மாவைத் திருத்திடு. இல்லேன்னா சாகடிச்சிடு.”

“நாலு வாரம் பொறுடா. இப்பத்தான் கூட்டம் சேருது.”

“அதுக்குள்ள அவளை வேற எடத்துல குடுத்துடுவாங்க!”

அடுத்த சந்தையில், அம்மா அனுப்பிவைத்த விஷ அதிரசத்தைக் கையில் ஏந்தி நான் அழுதுகொண்டிருந்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, சேலையும் கொண்டையுமாகத் தையல்காரன் வண்டியில் ஏறினான். மீசைக்காரக் கடைக்குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டான்.

“கண்ணுங்களா, நானா ஓடினேன்? உங்கப்பன்தான் அடிச்சித் தொரத்தினான். ஆணி அடிச்சவனும் இவன்தான், கடுதாசி எழுதினவனும் இவன்தான்!”

நான் எழுதாத வசனம். ஆனால் பொய்யும் இல்லை. கடுதாசியை எழுதியது நான்தானே.

புளிக்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வண்டி மேல் ஏறினார். என் ஒட்டுத் தாடியைப் பிடித்து ஒரே இழுப்பு. கையோடு வந்த தாடியை என் முகத்திலேயே எறிந்தார். பிறகு தையல்காரன் பக்கம் திரும்பி, கலைந்திருந்த முந்தானையைச் சரிசெய்து, அவன் கையைப் பிடித்தார்.

“அழுவாத மாப்ளே. வூட்டுக்குப் போலாம் வா.”

அவனை வண்டியிலிருந்து இறக்கினார். மூன்று மாட்டுத் தரகர்களையும் பார்த்து, “நீங்களும் வாங்கடி” என்று சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார்.