சென்னிமலை மாட்டிய கலர்ப் படம்

மைசூரில், எங்கள் அக்ரஹாரத்தில் என் பூக்கடையை ஒட்டினாற்போல் சென்னிமலையின் போட்டோ ஸ்டூடியோ. ஹனூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணம், காதுகுத்து எல்லாம் கலரில் எடுத்துக் கொடுப்பார். திங்கட்கிழமை ஆனால் நான் நஞ்சன்கூட்டுக்குச் சிவனைப் பார்க்கப் போவேன். அவர் ஸ்கூட்டரில் ஏறி, ஆள் இல்லாத வீடு, மூடிப்போன ரைஸ் மில் என்று தேடிப் போவார். அவற்றை மட்டும் பழைய ரோல் கேமராவில், கருப்பு வெள்ளையில்தான் எடுப்பார்.

"கலர்ல எடுத்தா என்னவாம்?" என்று ஒருதரம் கேட்டேன்.

"ஆள் போன வீட்டுக்கு என்னக்கா கலரு? செவுத்துல நீலமா சிமெண்ட் விளம்பரம் எழுதி வெச்சிருப்பான். பாக்கறவன் கண்ணு அங்கதான் போகும்."

இந்தத் தசராவுக்கு ஊரில் ஒரு படக் கண்காட்சி. அவர் படம் ஒன்றையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். கல்யாண ஆல்பத்துக்கு வெளியே அவர் பெயரோடு ஒரு படம் தொங்கப்போவது அதுதான் முதல் தடவை. பூட்டிக் கிடக்கும் ஒரு ஓட்டு வீட்டின் படம். பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கடை முகப்பில் வைத்திருந்தார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அன்று மஹாளய அமாவாசை. காலையிலேயே, இங்கே மகனோடு இருக்கிற பாப்பம்மாள் வந்தார். அமாவாசை தவறாமல் என்னிடம் செவ்வந்தி வாங்கிக்கொண்டு ஹனூர் பஸ் ஏறுகிறவர். பூவை வாங்கியவரின் கண் படத்தில் போய் நின்றது.

"ஏஞ்சாமி, இது எங்கூடல்ல?"

சென்னிமலைக்கு ஒரே சந்தோஷம். "உங்க வீடுங்களா ஆத்தா? கண்காட்சியில வெக்கப் போறனுங்க!"

"வெச்சு, மாலையும் போட்டுருவியா? செத்தவங்க படமாட்ட இருக்குது."

"பூட்டிக் கெடந்துச்சுங்க, அதான்..."

"பூட்டிக் கெடந்தா? மாசாமாசம் போயி வாசப்படிக்கு மஞ்சப் பூசி, குங்குமம் வெச்சு, வெளக்குப் போட்டுட்டு வாறேன். அதெங்க உன்ற படத்துல?"

நானும் எட்டிப் பார்த்தேன். படியில் ஏதோ அழுக்கு மாதிரி சாம்பல் நிறம். அவ்வளவுதான்.

"கலர்ல எடுத்தா அந்த விளம்பரம் அசிங்கமா விழுமுங்க ஆத்தா."

"அதும் எங்கூட்டுச் செவுருதான். இதெ மாட்டாத சாமி." சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

சென்னிமலை கல்யாணக் கேமராவை எடுத்துத் தோளில் மாட்டினார். "கடையைப் பாத்துக்குங்கக்கா."

"மழை வருது பாருங்க!"

"வரட்டும்."

பொழுது சாய, பேண்ட் முழுக்கச் சேறோடு திரும்பினார். "நீலத்தை ஒதுக்கப் பாத்தேங்க்கா. ஒதுக்குனா படி வரல. படியை விட முடியுமா? ரெண்டும் இருக்கட்டும்னு எடுத்துட்டேன்."

"கண்காட்சிக்காரங்க இதை ஒத்துக்கலேன்னா?"

"திருப்பி எடுத்துட்டு வந்துர்றேன். அந்தக் கருப்பு வெள்ளையை மட்டும் மாட்ட மாட்டேன்."

கண்காட்சிக்காரர்கள் முகம் சுளித்துத்தான் வாங்கினார்களாம். ஒரு மூலையில், தூணுக்குப் பின்னால் மாட்டினார்கள். பாப்பம்மாளை நான்தான் கூட்டிப் போனேன். விளம்பர எழுத்து பளிச்சென்றுதான் இருந்தது. அதற்குக் கீழே, மழையில் நனைந்த படியில், அப்போதுதான் பூசிய மஞ்சள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கன்னடத்தில், "இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"நாங்கதான்," என்றார் பாப்பம்மாள். பிறகு தூணோரம் நின்ற சென்னிமலையைப் பார்த்து, "விளம்பரமும் ஜோராத்தான் விழுந்திருக்குது, சிமெண்ட்டுக்காரன் பாத்தா உன்னையத் தூக்கிட்டுப் போயிருவான்" என்றார்.

சென்னிமலையின் பிடிவாதம் போகவில்லை. பாழடைந்த இடத்துக்கு இப்போதும் கருப்பு வெள்ளைதான். ஆனால் திங்கட்கிழமைகளில் ரெண்டு கேமராவும் ஸ்கூட்டரில் ஏறுகின்றன. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குனிந்து வாசற்படியைப் பார்க்கிறாராம்.