ஜீப்பில் தொங்கிய மனுதாரர்

போன மாதம் நான் ஒரு மனு கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் மலைக் கிராமமான நெல்லிவாசல்நாட்டுக்குப் போகும் ஷேர் ஜீப்புகளில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுகிறார்கள், மக்களின் உயிரைக் காப்பது அரசின் கடமை என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். அதை இங்கே பதிவாகப் போட்டபோது நீங்கள்கூடக் கைதட்டினீர்கள்.

இன்று ஜமுனாமரத்தூர் சந்தை முடிந்து அதே ஜீப்பில்தான் வீட்டுக்குக் கிளம்பினேன். உள்ளே இடமில்லை. பின்பக்க ஏணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டேன்.

முதல் வளைவிலேயே போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார். "தொங்கறவங்கல்லாம் எறங்குங்க."

எனக்கு வந்ததே கோபம்!

"இன்னா சார் இது? வூட்டுக்குப் போறது எங்க உரிமை இல்லியா?"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "மனு குடுத்தவர் நீங்கதான? விசாரிக்க நான்தான் சார் உங்க வூட்டுக்கு வந்தேன். டீ கூட குடுத்தீங்க. அந்த மனுவுக்குத்தான் இப்ப தெனமும் இங்க நிக்கறேன்."

இறங்கினேன். என்னோடு ஆறு பேர் இறங்கினார்கள். ஆறு பேரும் சாலையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்கள்.

நடக்கும்போது சமாதானத்துக்காக, அது மூன்று பக்க மனு என்று அவர்களிடம் சொல்லிவைத்தேன். அரிசிப் பையைத் தோளில் மாற்றிக்கொண்டே ஓர் அக்கா கேட்டார்: "மூணு பக்கத்துல, இன்னொரு பஸ் வுடுங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம் இல்லீங்க?"

எழுதவில்லை.

இப்போது அந்த ஒரு வரி மனுவை எழுதிவிட்டேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அந்த ஆறு பேரிடம் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.