சீனிக்கட்டி கரைத்த தண்ணீர்

நெற்குப்பையில் ஒரு பெரிய வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். என் கணவரோடு வேலை பார்த்த ஒருவருக்குப் போன மாதம் அங்கேதான் அறுபதாம் கல்யாணம் நடந்தது. போனதும் சாப்பிட்டுவிடலாம் என்று நினைத்து, காரைக்குடியில் கார் ஏறுமுன்பே இவர் இன்சுலின் போட்டுக்கொண்டார். அங்கே சடங்கு இழுத்துக்கொண்டே போனது. பந்தி போடுகிற வழியைக் காணோம்.

முற்றத்து ஓரத்தில் காப்பி மட்டும் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய வெள்ளைச் சீனிக்கட்டி. வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடமென்பதால் அப்படியாம். வந்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. ஒருவர் கட்டி கரையுமுன்பே குடித்துவிட்டுச் சப்பென்று இருப்பதாக முகம் சுளித்தார். அடியில் தங்கியதை அவர் மனைவி விரலால் வழித்துச் சாப்பிட்டார். இவர் வழக்கம்போலச் சீனியில்லாமல் குடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "பஸ் வந்திருச்சா?" என்று கேட்டார்.

சட்டையெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

"என்ன செய்யுது? ஏன் இப்படிப் பாக்கீக?"

ஊசி போட்டும் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. ஓடிப்போய்க் கிண்ணத்திலிருந்து சீனிக்கட்டிகளைக் கை கொள்ளுமட்டும் அள்ளினேன். காப்பி கொடுத்துக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்ததுமே ஒரு டம்ளரில் வெந்நீரை விளாவி நீட்டினாள்.

"நசுக்கிப் போடுங்கக்கா, வெரசாக் கரையும். எங்க அண்ணனுக்கும் இப்படி வரும்."

கரண்டியால் நசுக்கிக் கலக்கி அவர் வாயருகே கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்ததும் தள்ளிவிட்டார்.

"சீனி வேணாம்னு சொன்னேன்ல."

அந்த நிலையிலும் பத்தியம் மறக்கவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் நான் சொல்றதக் கேளுங்க," என்று தோளைப் பிடித்துக்கொண்டு, சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தேன்.

டம்ளர் காலியான பிறகும் அவர் வெறித்தபடியே இருந்தார். நான் அவர் கையை விடவில்லை. பிறகு நடுக்கம் அடங்கியது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நாம காருலதான வந்தோம்?"

ஆமென்று தலையாட்டினேன். அந்தப் பெண் அடுப்படியிலிருந்து இட்லி கொண்டுவந்தாள். பக்கத்திலேயே நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஒருவழியாகப் பந்தி போட்டார்கள். பாயசம் வந்தபோது இவர் என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் ஊத்துங்க," என்றேன் பரிமாறியவரிடம்.